சிலிண்டர் சுவர் போன பிளாக்கை ஸ்லீவ் போட்டுக் காப்பாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடைந்த என்ஜின் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இது தேறுமா?" பார்த்த உடனே பதில் சொல்கிற ஆளை நம்பாதீர்கள். கழுவி, டார்ச் அடித்து, நகத்தால் கீறலைத் தடவி, போரை, அதாவது சிலிண்டரின் உள்துளையை, போர் கேஜ் விட்டு அளந்த பிறகுதான் யாராலும் சொல்ல முடியும். அந்தத் துளையைக் கடையும் போரிங் மெஷின் பக்கத்தில் நின்று அன்றாடம் காதில் விழுகிற கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஸ்லீவ், லைனர் இரண்டும் ஒன்றா?

பேச்சு வழக்கில் ஒன்றுதான். பிஸ்டன் ஏறி இறங்கும் சுவரைத் தனிக் குழாயாகச் செய்து பிளாக்குக்குள் உட்கார வைத்தால் அது ஸ்லீவ், அதுவே லைனர். என்ஜின் செய்யும்போதே கம்பெனி போட்டு அனுப்புவதை லைனர் என்றும், பழுது பார்க்கும்போது நாம் போடுவதை ஸ்லீவ் என்றும் பிரித்துச் சொல்பவர்கள் உண்டு. நான் இரண்டையும் கலந்துதான் சொல்வேன்.

பெரும்பாலும் இது வார்ப்பிரும்பு. சுழலும் அச்சில் உருகிய இரும்பை ஊற்றி வார்ப்பார்கள். சுழற்சியின் விசையில் கனமான உலோகம் வெளிப்பக்கம் நெருங்கிப் படிய, கசடும் காற்றுக் குமிழும் உள்பக்கம் ஒதுங்கிவிடும். அந்த உள்பக்கத்தைக் கடைந்து எடுத்துவிடுவதால் மீதி இருப்பது நல்ல அடர்த்தியான இரும்பு. பல பிளாக்குகளில் பழைய சுவரை விடப் புது ஸ்லீவின் இரும்பு ஒரு படி மேல் என்று தாராளமாகச் சொல்லலாம்.

எந்த மாதிரிச் சேதத்துக்கு ஸ்லீவ் உதவும்?

பிஸ்டன் பின்னின் லாக் கழன்று சுவரில் வாய்க்கால் வெட்டியது. என்ஜின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொண்டதால் விழுந்த ஆழமான கோடுகள். வால்வு உடைந்து உள்ளே விழுந்து அடித்த பள்ளம். பல மாதம் தண்ணீர் நின்று, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் இருந்த இடத்தில் துரு அரித்த குழி. உறைந்த தண்ணீர் விரிந்து சுவரில் விட்ட விரிசல். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் உடைந்து சுவரைத் துளைத்துவிட்ட ஓட்டை. துளையைக் கடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவதை ஓவர்சைஸ் என்போம்; அதில் கடைசி ஓவர்சைஸும் தேய்ந்துபோன பிளாக்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான விஷயம், சேதம் சிலிண்டர் சுவரோடு நிற்கிறது. அதற்கு மேலோ கீழோ போய்விட்டால் கதை வேறு.

எதற்கெல்லாம் உதவாது?

கிராங்க் உட்காரும் மெயின் பேரிங் இருக்கை உடைந்திருந்தால் ஸ்லீவால் ஒன்றும் ஆகாது. விரிசல் சுவரின் அடியைத் தாண்டி அந்த இருக்கை வரை இறங்கியிருந்தாலும் அப்படித்தான். பிளாக்கின் மேல் முகத்தில் போல்ட் துளைக்கும் தண்ணீர் துளைக்கும் நடுவே விரிசல் இருந்தால், முதலில் அந்த விரிசலை உலோகப் பின்கள் அடித்துத் தைக்க வேண்டும், பிறகுதான் ஸ்லீவ். ஸ்லீவ் போட்டால் அதுவும் சேர்ந்து மூடிக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

விரிசலைக் கண்ணால் தேடுவதில் பயனில்லை. இரும்பு பிளாக்குக்குக் காந்தத் தூள் சோதனை. அலுமினியத்தில் காந்தம் வேலை செய்யாது, அதற்குச் சாயம் ஊறவைத்துப் பார்க்கும் முறை. இரண்டுக்கும் மேலாக, தண்ணீர் ஓடும் வழிகளை எல்லாம் அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, பிளாக்கை வெந்நீரில் இறக்கிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பதை நான் விடுவதே இல்லை. குளிர்ந்த பிளாக்கில் மூடிக்கிடக்கும் விரிசல் சூட்டில்தான் வாயைத் திறக்கும்.

ஓவர்சைஸ் எடுத்தால் போதாதா? எதற்கு ஸ்லீவ்?

போதும் என்றால் அதுவே நல்லது. வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று ஓவர்சைஸ் பிஸ்டன்கள் வரும். ஒரு கணக்குப் பாருங்கள். கீறலின் ஆழம் 0.3 மி.மீ. அதை முழுக்க எடுக்க வேண்டுமானால் எல்லாப் பக்கமும் 0.3 மி.மீ. கடைய வேண்டும், அதாவது விட்டத்தில் 0.6. அப்போது 0.50 பிஸ்டன் பயன்படாது, 0.75-க்குத்தான் போக வேண்டும். நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒன்றில் மட்டும் கீறல் என்றால், மற்ற மூன்றும் நன்றாக இருந்தும் அவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கி நான்கு பிஸ்டன் வாங்க வேண்டும். இந்த இடத்தில்தான் ஸ்லீவ் கணக்கு ஜெயிக்கிறது: கெட்ட ஒன்றை மட்டும் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடலாம்.

இன்னொன்று, சுவரின் தடிமன். வார்க்கும்போது உள்ளிருக்கும் மணல் அச்சு கொஞ்சம் நகர்ந்திருந்தால் சுவர் ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் மெலிதாகவும் இருக்கும். வெளியிலிருந்து தெரியாது. ஒலி அலையால் தடிமன் அளக்கும் கருவியைச் சுற்றிலும் வைத்துப் பார்க்காமல் பெரிய ஓவர்சைஸுக்குப் போவது கண்ணை மூடிக்கொண்டு கடைவதுதான்.

ட்ரை, வெட் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

ட்ரை ஸ்லீவின் வெளிப்பக்கம் பிளாக்கின் இரும்பை ஒட்டி இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். தண்ணீர் அதைத் தொடாது. வெட் லைனரின் வெளிப்பக்கம் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டில் நேராக நனையும். மேலே ஒரு காலர் பிளாக்கின் படியில் உட்கார, கீழே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தண்ணீரைத் தடுக்கும். பெரிய டீசல் என்ஜின்களில் வெட் லைனர் அதிகம். தேய்ந்தால் இழுத்து எடுத்துப் புதிது போட்டுவிடலாம், போரிங் மெஷினே தேவையில்லை.

மூன்றாவதாக, லைனரே இல்லாமல் பிளாக்கின் இரும்பிலேயே நேராகப் போர் எடுத்த என்ஜின்களும் உண்டு. கம்மின்ஸ் பி வரிசை டீசல் அப்படிப்பட்டது. அதில் சுவர் கெட்டால் ட்ரை ஸ்லீவ் போட்டு மீட்பார்கள். இந்தப் பக்கத்தில் ஸ்லீவ் போடுவது என்று நான் சொல்வது பெரும்பாலும் இந்த வேலையைத்தான்.

வேலை எப்படி நடக்கிறது? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

86 மி.மீ. போர் கொண்ட ஓர் இரும்பு பிளாக்கை எடுத்துக்கொள்வோம். பழுதுக்கு வரும் ஸ்லீவ்களின் சுவர் பொதுவாக 2.4 அல்லது 3.2 மி.மீ. இருக்கும். மெலிந்ததையே எடுப்போம். வேலை முடிந்த பிறகு உள்விட்டம் 86, இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து 4.8, ஆக ஸ்லீவின் வெளிவிட்டம் 90.8. இறுக்கமாகப் பிடிக்க பிளாக்கின் துளை 90.75-ல் நிற்க வேண்டும்.

முதல் வேலை கடைவது அல்ல, பிளாக்கின் மேல் முகம் தட்டையாக இருக்கிறதா என்று பார்ப்பது. பல போரிங் மெஷின்கள் அந்த முகத்தின் மேல்தான் உட்காரும். முகம் சாய்ந்திருந்தால் துளையும் சாயும், பிஸ்டன் ஒரு பக்கமாக உரசும். அப்புறம் மையம் பிடிப்பது. தேய்ந்த போரின் நடுப்பகுதியில் மையம் பிடித்தால் தேய்மானத்தின் சாய்வு அப்படியே புதுத் துளைக்கு வந்துவிடும். ரிங் தொடாத அடிப்பகுதியில் பிடிக்க வேண்டும். கிராங்க் மையத்திலிருந்தே அளந்து வைக்கிற வசதி இருந்தால் இன்னும் நல்லது.

கடையும்போது துளையைக் கீழே முழுக்கத் திறந்துவிடக் கூடாது. அடியில் 4, 5 மி.மீ. பழைய சுவரை விட்டு ஒரு படி அமைக்க வேண்டும். ஸ்லீவ் அந்தப் படியில்தான் காலூன்றும். படியின் மூலை கூர்மையாக இருந்தால் அங்கேயே விரிசல் பிறக்கும். அதனால் வெட்டும் உளியின் நுனியைக் கொஞ்சம் உருட்டி வைப்போம். ஸ்லீவின் அடி விளிம்பையும் அதற்கேற்ப மழுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் மூலையில் முட்டிக்கொண்டு படியில் உட்காராது.

கடைசி வெட்டு மிக மெல்லியதாக, துளையின் முகம் வழவழப்பாக வரும்படி போக வேண்டும். இது அழகுக்காக இல்லை. சொரசொரப்பான துளையை அளந்தால் கேஜ் மேடுகளின் உச்சியைத்தான் காட்டும். ஸ்லீவை அழுத்தும்போது அந்த மேடுகள் மழிந்துபோய், 0.05 என்று நினைத்த இறுக்கம் 0.02 ஆகிவிடும். ஸ்லீவுக்கும் பிளாக்குக்கும் நடுவே காற்று இடைவெளி நின்று சூடும் கடத்தாது.

ஸ்லீவ் இறங்கும் நிமிடம் எப்போதும் கொஞ்சம் படபடப்பானது. பிளாக்கைச் சூடாக்கி, ஸ்லீவைக் குளிரவைத்து, கையுறையோடு எடுத்து நேராக விட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அடிப்படியில் இரும்பு இரும்பைத் தொட்ட சத்தம் அது. அந்தச் சத்தம் வராமல் பாதியில் நின்றால் யோசிக்க நேரம் கிடையாது, சில நொடிகளில் இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்து கவ்விக்கொள்ளும். அதனால் பிரஸ்ஸை முன்பே தயாராக வைத்திருப்போம். சுத்தியலால் அடித்து இறக்குவதை நானும் பார்த்திருக்கிறேன். வார்ப்பிரும்பு அடி தாங்காது, கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆறிய பிறகு, மேலே லேசாகத் துருத்தி நிற்கும் ஸ்லீவை பிளாக்கின் முகத்தோடு சமமாக ஃபேசிங் செய்ய வேண்டும். உள்ளே கடைந்து, கடைசி 0.05 முதல் 0.08 மி.மீ. வரை, கல்லால் தேய்த்து முடிக்கும் ஹோனிங்குக்கு விட வேண்டும். பிஸ்டன் கையில் இல்லாமல் ஹோனிங்கை முடிக்காதீர்கள். பெட்டியில் 86 என்று எழுதியிருப்பதை நம்பாமல், அந்தந்தப் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கான இடைவெளி விட்டு முடிக்க வேண்டும்.

ஹோனிங் செய்யும்போது மேலே தடித்த இரும்புத் தகடு போட்டு முறுக்குகிறார்களே, எதற்கு?

சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் போல்ட்டை முறுக்கும்போது பிளாக்கின் உலோகம் இழுபட்டு, வட்டமாக இருந்த போர் மேல்பக்கம் கொஞ்சம் கோணலாகும். ஹெட் இல்லாத நிலையில் வட்டமாக ஹோனிங் செய்தால், ஹெட் ஏறியதும் அது வட்டமில்லை. தகட்டை ஹெட் போலவே, அதே போல்ட், அதே முறுக்கு, நடுவில் கசிவைத் தடுக்கும் அதே கேஸ்கட்டோடு மாட்டி ஹோனிங் செய்தால் ஓடும் நிலையில் வட்டம் கிடைக்கும். மெல்லிய சுவர் பிளாக்குகளில் இதைத் தவிர்க்கக் கூடாது. 'எல்லாம் புதுசு, ஆனாலும் ஆயில் குடிக்குது' என்ற புகாருக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இறுக்கம் எவ்வளவு வேண்டும்? அலுமினிய பிளாக்குக்கும் அதேதானா?

ஸ்லீவ் செய்தவர் கொடுத்த தாளில் இருக்கும் அளவுதான் முதல் விதி. பொதுவாக இரும்பு பிளாக்கில் விட்டத்தில் ஏறக்குறைய 0.05 மி.மீ. இருக்கும். அலுமினியத்துக்கு அது போதாது. ஏன் என்று பாருங்கள்: 90 மி.மீ. விட்டமுள்ள அலுமினியத் துளை 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.2 மி.மீ. விரியும். அதே அளவு இரும்பு ஸ்லீவ் விரிவது 0.1 மட்டும். அதாவது என்ஜின் சூடானதும் துளை ஸ்லீவை விட்டு விலகப் பார்க்கும். ஓடும்போது ஸ்லீவ் பிளாக்கை விடச் சூடாக இருப்பதால் அந்த விலகலில் ஒரு பகுதி ஈடாகும். மீதியை ஈடுகட்ட 0.075 முதல் 0.1 வரை இறுக்கம் கொடுக்கிறார்கள்.

இறுக்கம் கூடினால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. மிஞ்சிய இறுக்கம் பிளாக்கையே பிளக்கும், பக்கத்துச் சிலிண்டரையும் நெருக்கும். அதனால்தான் ஒரு சிலிண்டரில் ஸ்லீவ் இறக்கியதும் அடுத்த போரை மறுபடி அளந்து பார்க்கிறோம். நூற்றில் ஒன்றிரண்டு பங்கு மில்லிமீட்டர் வட்டம் கெட்டிருந்தால் அதையும் ஹோனிங்கில் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

வீட்டு ஃப்ரீசரில் ஸ்லீவை வைத்து நானே போடலாமா?

காற்றில் குளிரும் சிறிய அலுமினிய சிலிண்டர் என்றால், துளை சரியான அளவில் கடைந்து வந்திருந்தால், போட முடியும். சிலிண்டரை 180 முதல் 200 டிகிரிக்குச் சீராகச் சூடாக்கினால் ஸ்லீவ் தன் எடையிலேயே விழும். தீச்சுவாலையை ஒரே இடத்தில் காட்டிச் சூடாக்கினால் சிலிண்டர் கோணிக்கொள்ளும்.

இரும்பு பிளாக்கில் ஃப்ரீசர் பெரிதாக உதவாது. 90 மி.மீ. ஸ்லீவை உலர் பனிக்கட்டியின் மைனஸ் 78 டிகிரிக்குக் கொண்டுபோனால் 0.1 மி.மீ. சுருங்கும். வீட்டு ஃப்ரீசரில் அதில் பாதிகூடக் கிடைக்காது. இறக்குவது கடைசி ஐந்து நிமிட வேலை. துளையைக் கடைவதும் அளப்பதும்தான் உண்மையான வேலை, அது மெஷின் இல்லாமல் நடக்காது.

ஒரே ஒரு சிலிண்டருக்கு மட்டும் போடலாமா? என்ஜின் உதறாதா?

தாராளமாகப் போடலாம். அதே அளவு, அதே எடைப் பிஸ்டன் என்பதால் உதறல் வராது. ஆனால் மற்ற மூன்று போர்களும் அளவில் இருக்க வேண்டும். ஒன்றைப் புதிதாக்கிவிட்டு, 0.15 மி.மீ. தேய்ந்த மூன்றை அப்படியே விட்டால் அதற்குச் செய்த செலவு வீண்.

இரண்டு சிலிண்டருக்கு நடுவே தண்ணீர் வழி இல்லாத பிளாக்கில் என்ன செய்வது?

அங்கே நடுச்சுவரை அளந்த பிறகே பேச வேண்டும். இரண்டு போர்களுக்கு நடுவே 8 மி.மீ. உலோகம் இருந்து, இரண்டு பக்கமும் 2.4 மி.மீ. ஸ்லீவ் போட்டால் நடுவில் மிஞ்சுவது 3.2 மி.மீ. அதன் மேல்தான் கேஸ்கட்டின் மிகக் குறுகிய பகுதி உட்காருகிறது. அதைவிடக் குறைந்தால் சில இடங்களில் ஸ்லீவின் பக்கங்களைத் தட்டையாகச் செதுக்கி ஒன்றோடொன்று சாய்த்துப் போடுகிறார்கள். கை தேர்ந்தவர் வேலை அது.

ஸ்லீவ் போட்டால் என்ஜின் அதிகம் சூடாகுமா?

நல்ல பொருத்தத்தில் ஓட்டுநருக்குத் தெரியும் அளவுக்கு ஆகாது. இரண்டு உலோகங்களின் நடுவே ஓர் இணைப்பு வருவதால் சூடு கடப்பதில் சின்னத் தடை உண்டு, மறுப்பதற்கில்லை. பொருத்தம் தளர்ந்தால்தான் அது வளர்ந்து தொல்லையாகும்.

சுவரில் ஓட்டையே விழுந்துவிட்டது. தண்ணீர் அறை தெரிகிறது. அதற்குமா ஸ்லீவ்?

ஆமாம், அதற்கும்தான். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: அந்த ஜன்னல் இருக்கும் இடத்தில் ட்ரை ஸ்லீவ் இனி ட்ரை இல்லை. பின்னால் தண்ணீர் நிற்கிறது. ஸ்லீவுக்கும் துளைக்கும் நடுவே முடி அளவு வழி கிடைத்தாலும் தண்ணீர் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும், ஆயில் வெளுத்து நுரை கட்டும். அதனால் இங்கே 3.2 மி.மீ. சுவர், காற்றில்லாத இடத்தில் இறுகும் பசை, அடிப்படி முழு வட்டமாக இருப்பது ஆகிய மூன்றும் கட்டாயம். ஓட்டை படிவரை கீழே போயிருந்தால் நான் வேலையை எடுப்பதில்லை. ஸ்லீவ் இறக்கியதும் மறுபடி ஒரு முறை காற்றழுத்தச் சோதனை செய்தாக வேண்டும்.

'ஸ்லீவ் இறங்கிவிட்டது' என்கிறார்களே, அது என்ன?

பிடிப்பு தளர்ந்தோ, அடியில் படி இல்லாமலோ, படியில் சரியாக உட்காராமலோ போட்ட ஸ்லீவ் ஓட ஓடக் கீழே நகர்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நூற்றில் சில பங்கு மில்லிமீட்டர் இறங்கினாலே ஹெட் கேஸ்கட்டின் நெருப்பு வளையத்துக்குக் கீழே ஆதரவு போய்விடும். சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகும், ரேடியேட்டரில் குமிழ் வரும். கேஸ்கட்டை மாற்றுவார்கள், ஒரு மாதத்தில் மறுபடி போகும், ஹெட்டைக் குறை சொல்வார்கள். பிளாக்கின் முகத்தில் நேர்விளிம்புக் கம்பியை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டால் விஷயம் நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வெட் லைனரில் இதுவே தலைகீழாக இருக்கும். அது பிளாக்கின் முகத்தை விடச் சற்று மேலே நிற்க வேண்டும், என்ஜினைப் பொறுத்து நூற்றில் சில பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை. என்னிடம் ஒரு முறை மூன்று சிலிண்டர் டீசல் பிளாக் ஒன்று வந்தது. இரண்டு முறை கேஸ்கட் போய்விட்டது, மூன்றாவதுக்கு யாருக்கும் தைரியம் இல்லை. டயல் கேஜ் வைத்து உயரத்தைப் பார்த்தேன்: முதல் லைனர் 0.08, இரண்டாவது 0.07, மூன்றாவது ஒரு பக்கம் 0.11, எதிர்ப்பக்கம் 0.04. லைனரை இழுத்து எடுத்தால், காலர் உட்காரும் படியில் நகத்தின் கால்பாகம் அளவுக்குப் பழைய துருப் பொருக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டி எடுத்து, ஓ-ரிங் இல்லாமல் லைனரை வெறுமே விட்டுப் பார்த்தேன், நாலு பக்கமும் 0.07. அவ்வளவுதான் வேலை. அன்றிலிருந்து ஓ-ரிங் போடும் முன் ஒரு முறை வெறும் லைனரை விட்டு அளப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

வெட் லைனர் போடும்போது ஓ-ரிங்குக்கு ஆயில் தடவலாமா?

எந்த ரப்பர் என்று பார்த்து. சிலவகை ரப்பர் பெட்ரோலிய ஆயிலில் ஊறி உப்பிவிடும், உப்பினால் லைனரை உள்ளே நெருக்கும். சந்தேகமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் போதும். போட்ட பிறகு ஓ-ரிங் இருக்கும் உயரத்தில் உள்ளே போர் கேஜ் விட்டுப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் குறுகியிருந்தால் ரிங் முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம். திரும்ப எடுங்கள்.

லைனரின் வெளிப்பக்கம் பூச்சி அரித்த மாதிரி பொடிப்பொடி ஓட்டைகள். தண்ணீர் சரியில்லையா?

தண்ணீரும் ஒரு காரணம், ஆனால் வெறும் துரு என்று நினைத்தால் தவறு. எரிப்பு நடக்கும்போது பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் போய் மோதும். லைனர் மணி போல அதிரும். சுவர் சட்டென்று பின்வாங்கும் கணத்தில் அங்கே அழுத்தம் குறைந்து கூலன்ட் நுண்ணிய நீராவிக் குமிழாகும். சுவர் திரும்பி வரும்போது குமிழ் நசுங்கி, உலோகத்தில் ஊசி குத்துவது போல அடிக்கும். நொடிக்குப் பல தடவை இது நடந்தால் லைனர் உள்ளே வரை துளையாகிவிடும். அதனால்தான் குழிகள் சுற்றிலும் இல்லாமல் பிஸ்டன் மோதும் பக்கத்தில் ஒரு வரிசையாக இருக்கும்.

இதற்கென்று நைட்ரைட் போன்ற சேர்மானம் கலந்த கூலன்ட் லைனர் மேல் ஒரு மெல்லிய படலம் கட்டிக் காக்கும். வெறும் குழாய்த் தண்ணீரில் ஓடும் டீசலில் அந்தக் காப்பு இல்லை. ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் அழுத்தம் குறைந்து குமிழ் சுலபமாக உண்டாகும். அந்தச் சின்ன மூடியை யாரும் பார்ப்பதே இல்லை. குழி மேலோட்டமாக இருந்து உள்பக்கம் நன்றாக இருந்தால், லைனரை 90 டிகிரி திருப்பிப் போடுவது பழைய வழக்கம்.

நிக்கசில் பூசிய சிலிண்டர், இரும்பே இல்லாத அலுமினிய போர் எல்லாவற்றுக்கும் ஸ்லீவ் போட முடியுமா?

முடியும். ஆனால் பிஸ்டனையும் சேர்த்து யோசிக்க வேண்டும். நிக்கசில் என்பது நிக்கலுக்குள் சிலிக்கன் கார்பைடு துகள் கலந்த பூச்சு. 1967-ல் மாலே நிறுவனம் பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் வாங்கெல் என்ஜினுக்காக உருவாக்கியது. சாதாரண உளி அதில் நிற்காது. பூச்சை நீக்கி மறுபடி பூசுவது ஒரு வழி, கடைந்து இரும்பு ஸ்லீவ் போடுவது இன்னொரு வழி.

சிலிக்கன் அதிகமுள்ள அலுமினியத்திலேயே நேராகப் போர் எடுக்கும் முறையும் இருக்கிறது. 1971 மாடல் செவர்லே வேகா காரின் 2.3 லிட்டர் என்ஜின் இதற்குப் பிரபலமான உதாரணம். 17 சதவீதம் சிலிக்கன் கலந்த அலுமினியம், ஸ்லீவே கிடையாது. சூடேறிச் சுவர் கீறி ஆயில் குடிக்க ஆரம்பித்த பிளாக்குகளுக்குக் கடைசியில் பலரும் செய்தது இரும்பு ஸ்லீவ் போட்டதுதான்.

கவனிக்க வேண்டியது இது: இப்படிப்பட்ட அலுமினிய போரில் ஓடும் பிஸ்டனின் பக்கவாட்டில் இரும்புப் பூச்சு இருக்கும். ஸ்லீவ் போட்டபின் அதே பிஸ்டனைப் போட்டால் இரும்பும் இரும்பும் உரசும், மறுபடி பிடித்துக்கொள்ளும். பிஸ்டனை மாற்ற வேண்டும். இடைவெளியும் மாறும். அலுமினிய சுவர் பிஸ்டனோடு சேர்ந்து விரியும், இரும்பு ஸ்லீவ் அந்த அளவுக்கு விரியாது, ஆகவே கொஞ்சம் கூடுதல் இடைவெளி தேவை.

இரண்டு ஸ்ட்ரோக் சிலிண்டரில்?

சுவரில் வாயு வந்துபோக இருக்கும் போர்ட் ஜன்னல்கள் சிலிண்டரின் வழிகளோடு அச்சு அசலாக நேர் நிற்க வேண்டும். சூடான சிலிண்டரில் ஸ்லீவ் விழுந்த பிறகு திருப்ப வாய்ப்பில்லை, முன்பே கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஹோனிங் முடிந்ததும் ஒவ்வொரு ஜன்னல் விளிம்பையும் மழுக்க வேண்டும். மறந்தால் ரிங் மாட்டி உடையும்.

போரிங் முடிந்து வந்த பிளாக்கை அப்படியே மாட்டலாமா?

கழுவாமல் தொடாதீர்கள். ஹோனிங் கல்லின் தூள் சுவரின் வரிகளுக்குள் உட்கார்ந்திருக்கும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் எண்ணெயைத்தான் கரைக்கும், தூளை இன்னும் உள்ளே தள்ளும். சோப்புப் போட்ட வெந்நீரும் பிரஷும்தான் வழி. பிறகு வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுச் சுவரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் இன்னொரு முறை கழுவுங்கள். எனக்கு மூன்றாவது முறையில்தான் பெரும்பாலும் துணி வெள்ளையாக வரும். காய்ந்த உடனே ஆயில் தடவாவிட்டால், கண்ணெதிரே செந்துரு படியும்.

ரிங்கைப் போருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் அளந்து பாருங்கள். 86 மி.மீ. போருக்கு 0.35 மி.மீ. பக்கத்தில் இருக்கும். உங்கள் என்ஜினின் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே முடிவு.

புது ஸ்லீவோடு வண்டியை எப்படி ஓட்டுவது?

ஸ்டார்ட் செய்துவிட்டு ஒரு மணி நேரம் ஐடிலில் விடுவது பழைய பழக்கம், அது தவறு. ரிங் சுவரோடு பழக அழுத்தம் வேண்டும், ஐடிலில் அது கிடைக்காது. கசிவு இருக்கிறதா, ஆயில் அழுத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டக் கிளம்புங்கள். மிதமான பாரத்தில் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் நீண்ட தூரம் வேண்டாம், முழுப் பாரமும் வேண்டாம். குளிர்ந்த என்ஜினை முறுக்காதீர்கள். பிஸ்டன் சீக்கிரம் விரியும், சுவர் மெதுவாக விரியும், நடுவில் இருக்கும் இடைவெளி அந்த ஓரிரு நிமிடத்தில்தான் மிகக் குறைவு. முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றுங்கள். அதில் மின்னும் தூளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பொடியாக இருக்கும் வரை. சில்லாக வந்தால் நிறுத்துங்கள்.

பிளாக்கைக் கொடுக்கும் முன் போரிங் கடையில் என்ன கேட்க வேண்டும்?

இறுக்கம் எவ்வளவு வைப்பீர்கள், அடியில் படி விடுவீர்களா, தகடு போட்டு ஹோனிங் செய்வீர்களா, ஸ்லீவ் போட்டபின் மேல் முகத்தை ஃபேசிங் செய்வீர்களா. வேலை முடிந்ததும் ஒவ்வொரு போரையும் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், இரண்டு திசையில் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். சிலிண்டருக்கு ஆறு எண்கள். எழுதித் தரத் தயங்குகிற இடத்தில் அளக்கிற பழக்கம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பதிலுக்கு நீங்களும் ஒன்றைக் கொண்டுவர வேண்டும்: உடைந்த பழைய பிஸ்டனும் ரிங்கும். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்று வருகிறவர்கள்தான் அதிகம். கோடு பிஸ்டனின் எந்தப் பக்கம் விழுந்தது, உச்சி உருகியிருக்கிறதா, பிஸ்டன் பின் நீலமாகக் கருகியிருக்கிறதா என்று பார்த்தால் சுவர் ஏன் போனது என்பது தெரியும். ஒரு பக்கம் மட்டும் உரசியிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பேன், நாலு மூலையிலும் உரசியிருந்தால் தண்ணீர் பம்ப்பையும் ரேடியேட்டரையும் பார்க்கச் சொல்வேன். காரணம் உள்ளேயே இருந்தால் புது ஸ்லீவிலும் அதே இடத்தில் அதே கோடு விழும். அதே பிளாக்கை ஆறு மாதத்தில் இரண்டாம் முறை கடைய எனக்கும் ஆசையில்லை.